ஊருக்குக் கொண்டுபோன டி.எல்.டி. பேட்ஜில் (கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ்) 0.6 வந்திருக்கிறது. உடம்பில் செல்லுக்குள் என்ன நடந்திருக்கும்?

கடப்புறத்தான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சி.டி. டெக்னீஷியன். ஒன்பது வருஷ சர்வீஸ். சொந்த ஊர் மணவாளக்குறிச்சி பக்கம் கடப்புறம். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் அலை தெரியும். மழை பெய்து வடிந்த பிறகு பார்த்தால் மணலில் கறுப்பு வரி வரியாய்ப் படிந்து கிடக்கும். சின்ன வயதில் காந்தக் கட்டியை அதில் புரட்டித்தான் விளையாடுவோம்.

போன காலாண்டில் பைக் சறுக்கி விழுந்து கால் முறிந்தது. பிளேட் வைத்துவிட்டு நாற்பது நாள் ஊரில் கிடந்தேன். விழுந்த அன்றைக்குப் போட்டிருந்த யூனிஃபார்ம் சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் அப்படியே இருந்திருக்கிறது. அம்மா அந்தச் சட்டையைத் துவைக்கக் கூட எடுக்காமல் திண்ணைச் சுவரில் ஆணியில் மாட்டி வைத்துவிட்டார்கள். நானும் மறந்துபோனேன். திரும்பி வந்து பேட்ஜைக் கொடுத்தேன். இப்போது ரிப்போர்ட் வந்திருக்கிறது: 0.60 மில்லிசீவர்ட். ஒன்பது வருஷமாக என் பெயருக்கு நேராகப் பூஜ்யம் தவிர எதுவும் வந்ததில்லை. நாற்பது நாள் வேலைக்கே வராத காலாண்டில் இது எப்படி என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

விளக்கம் கொடுத்துவிடலாம். எனக்குத் தூக்கம் வராதது வேறு விஷயத்துக்காக. நாற்பது நாள் திண்ணையில் தொங்கின பேட்ஜுக்கு 0.6 என்றால், 64 வருஷமாக அந்த மணலை விட்டு எங்கும் போகாத என் அம்மாவுக்கு எவ்வளவு? லெட் ஏப்ரன் போட்டுக்கொண்டு நான் வாங்காத டோஸை அம்மா கோலம் போட்டே வாங்கியிருக்கிறார்கள் அல்லவா? அந்தச் சின்னச் சின்ன அடியை எல்லாம் செல் என்ன செய்கிறது? சரி பண்ணிவிடுகிறதா, சேர்த்து வைத்துக்கொள்கிறதா? டிப்ளமோவில் நாலு பக்கம் படித்தது போதவில்லை.

இன்னொன்று. மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம், அவள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். அவள் வீடும் அதே கடற்கரையில்தான். அனுப்பலாமா?

---

பழைய ஆர்.எஸ்.ஓ. எழுதியது:

தம்பி, முதலில் பேட்ஜ் விஷயத்தை முடித்துவிடுவோம். நடந்ததை நடந்தபடி, தேதியோடு எழுதி உங்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் (ஆர்.எஸ்.ஓ.) கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். இனிமேல் லீவில் போகும்போது பேட்ஜ், யாரும் போடாமல் ஒப்பீட்டுக்காக வைத்திருக்கும் கன்ட்ரோல் பேட்ஜோடு ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும். வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் சராசரி வரம்பு உள்ள வேலையில் 0.6 ஒன்றும் பெரிய எண் கிடையாது. ஆனால் கணக்கில் காரணம் பதிவாகி இருக்க வேண்டும்.

மணலால்தானா என்று நீங்களே சரிபார்க்கலாம். நாற்பது நாள் என்றால் 960 மணி நேரம். 0.6 மில்லியை வகுத்தால் மணிக்குச் சுமார் 0.6 மைக்ரோசீவர்ட். கன்ட்ரோல் பேட்ஜில் ஏறிய இயற்கை அளவைக் கழித்துத்தான் ரிப்போர்ட் போடுவார்கள், அதைத் திரும்பச் சேர்த்தால் மணிக்கு 0.7 என்று வைத்துக்கொள்ளலாம். கேரள, தமிழகக் கடற்கரையின் மோனசைட் மணல் பகுதிக்கு ஐ.நா. அறிவியல் குழுவின் 2000-ஆம் ஆண்டு அறிக்கை கொடுக்கும் வீச்சு மணிக்கு 0.2 முதல் 4 மைக்ரோகிரே வரை (காமா கதிருக்கு கிரேயும் சீவர்ட்டும் கிட்டத்தட்ட ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்). உங்கள் திண்ணை அதற்குள் அழகாகப் பொருந்துகிறது.

கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட். கதிர் வருவது அதன் நடுவே தேன் நிறத்தில் கிடக்கும் மோனசைட்டில் இருந்து, அதிலுள்ள தோரியத்தில் இருந்து. 1909-ல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர், உங்கள் ஊரும் அடங்கிய அன்றைய திருவிதாங்கூரில் இருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் உங்கள் ஊரைத் தேடி வந்தார். அன்றைக்கு காஸ் விளக்கு மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. உங்கள் ஊர் மணல் எரிந்த வெளிச்சத்தில் ஐரோப்பாவில் எத்தனையோ தெருக்கள் மின்னியிருக்கின்றன.

செல் விஷயம் என் பாடம் இல்லை. தெரிந்தவர்கள் வரட்டும்.

---

இயற்கைவழி எழுதியது:

பயப்படவே வேண்டாம் சகோ. குறைந்த கதிர்வீச்சு உடம்புக்கு நல்லது என்று நிரூபித்திருக்கிறார்கள். தடுப்பூசி மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால் செல் பழகிக்கொள்ளும். 1984-லேயே ஆராய்ச்சி வந்துவிட்டது. உங்கள் அம்மா 64 வயதில் திடமாக இருப்பதே அதற்குச் சாட்சி. தைரியமாக மனைவியை அனுப்புங்கள்.

---

பச்சைப்புள்ளி எழுதியது:

கடப்புறத்தான் தம்பிக்கு,

ஒரு செல் உயிரியல் ஆய்வகத்தில் ஆறு வருஷம் நான் செய்த வேலை இதுதான்: ரத்தத்தில் இருந்து வெள்ளையணுக்களைப் பிரித்து, அவற்றின் உட்கருவில் டிஎன்ஏ அறுந்த இடங்களை எண்ணுவது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

டோஸ் குறைவு என்றதும், எல்லாச் செல்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதம் என்றுதான் மனதில் படம் விழும். நடப்பது வேறு. மழை பிடிக்கும் முன் முற்றத்தில் பொட்டுப் பொட்டாக விழும் முதல் துளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மழை குறைவு என்பதற்காகத் துளி சிறுத்துப்போவதில்லை. நனைந்த இடம் நன்றாகவே நனைந்திருக்கும், பக்கத்தில் காய்ந்தே கிடக்கும். காமா கதிர் உடம்புக்குள் ஒரு எலெக்ட்ரானைத் தட்டி விடுகிறது, அது ஒரு கோடு கிழித்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு உட்கருவை அப்படி ஒரு கோடு கடந்து போவதற்குச் சராசரியாக ஒரு மில்லிகிரே வேண்டும். அதற்குக் கீழே டோஸைக் குறைத்தால், அடிபடும் செல்களின் எண்ணிக்கைதான் குறையும். அடிபட்ட செல்லுக்கு அது முழு அடிதான்.

இப்போது உங்கள் 0.6-ஐ எடுத்துக்கொள்வோம். டிஎன்ஏ ஏணியின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் அறுவதை இரட்டை இழை முறிவு என்போம். ஒரு முழு கிரே டோஸுக்குச் செல்லுக்கு முப்பது நாற்பது விழும். 0.6 மில்லிகிரேக்கு நூறு செல்லை வரிசையாக வைத்தால் இரண்டில் ஒவ்வொன்று இருக்கும். அதுவும் நாற்பது நாளில் பரவி. ஒற்றை இழை அறுவது, எழுத்து ஒன்று கெடுவது இவையெல்லாம் கூடுதலாக நடக்கும். ஆனால் அந்த ரகச் சேதம், நாம் மூச்சு விடுவதாலும் உடல் சூட்டாலுமே ஒவ்வொரு செல்லிலும் தினமும் பத்தாயிரக்கணக்கில் நடந்துகொண்டிருக்கிறது. எதிர் இழை முழுதாக இருப்பதால் அதைப் பார்த்து நிமிஷக் கணக்கில் திருத்திவிடும். இந்தத் திருத்தும் வேலையைக் கண்டு சொன்னதற்குத்தான் 2015-ல் லிண்டால், மோட்ரிச், சன்ஜார் மூவருக்கும் வேதியியல் நோபல் கொடுத்தார்கள்.

அப்படியானால் கதிருக்கு எதற்குத் தனிப் பயம்? காரணம், எலெக்ட்ரான் ஓடி முடியும் இடத்தில் நாலைந்து காயங்களை ஒரே இடத்தில் நெருக்கிப் போடும். எதிர் இழையும் கெட்டிருக்கும். பார்த்து எழுத மூலப்பிரதி இருக்காது.

அறுந்ததும் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும் இடம். கு என்றொரு புரதம், மோதிரம் மாதிரி. சில நொடியில் அறுந்த இரண்டு நுனியிலும் போய் மாட்டிக்கொள்ளும். ஏடிஎம் என்ற இன்னொரு புரதம் விழித்துக்கொண்டு, முறிவுக்கு இரு பக்கமும் லட்சக்கணக்கான எழுத்து தூரத்துக்கு, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் உருளைகளில் ஒரு பாஸ்பேட் அடையாளம் குத்திக்கொண்டே போகும். காமா-எச்2ஏஎக்ஸ் என்று அதற்குப் பெயர், 1998-ல் கண்டுபிடித்தது. அந்த அடையாளத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியில் பச்சைச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நீல உட்கருவுக்குள் ஒரு முறிவுக்கு ஒரு பச்சைப் புள்ளி. ஒற்றை மூலக்கூறில் விழுந்த ஒற்றை அறுப்பைக் கண்ணால் பார்க்க முடிகிறது. முதல் நாள் பார்த்தபோது அறையை விட்டு வெளியே வரவே மனமில்லை.

பிறகு ஒட்டும் வேலை. அதற்கு இரண்டு வழி. நுனிகளை அப்படியே கொஞ்சம் செதுக்கி ஒட்டுவது ஒன்று. அறுந்த கம்பாக் கயிற்றை முடிச்சுப் போட்டால் கயிறு தாங்கும், ஆனால் ஒரு சாண் குறைந்திருக்கும் அல்லவா, அதே கதைதான். ஓரிரு எழுத்து தொலையும். பெரும்பாலும் அது ஒன்றும் செய்யாத இடமாக இருக்கும், சில நேரம் முக்கியமான இடமாக இருக்கும். இன்னொரு வழி, செல் பிரிவதற்காகத் தன் டிஎன்ஏயை நகலெடுத்து வைத்திருந்தால் அந்த நகலைப் பார்த்துப் பிசகாமல் எழுதுவது. மார்பகப் புற்றுநோய் மரபணு என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, பிஆர்சிஏ, அதன் சொந்த வேலையே இந்த இரண்டாவது வழியில்தான். அது கெட்டவர்களுக்கு நோய் வருவது அதனால்தான். ஒட்டி முடியும் வரை பி53 என்ற புரதம் செல்லைப் பிரிய விடாமல் நிறுத்தி வைக்கும். முடியாது என்று தெரிந்தால் செல் தன்னையே முடித்துக்கொள்ளும்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். சி.டி. எடுத்தவர்களின் ரத்தத்தை ஸ்கேன் முடிந்த அரை மணியில் வாங்கி உடனே ஐஸில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அன்றைக்கு ஐஸ் பெட்டியின் மூடி சரியாக மூடவில்லை, சித்திரை வெயில், வழியில் ரயில்வே கேட். வந்து சேர இரண்டரை மணி நேரம். பெட்டிக்குள் வெந்நீர் மாதிரி இருந்தது. எண்ணிப் பார்த்தால், அதே அளவு ஸ்கேன் எடுத்த மற்றவர்களுக்கு வந்த புள்ளிகளில் பாதிதான் மிச்சம். ஐஸ் எதற்கு என்று புத்தகத்தில் படித்திருந்தேன், அன்றுதான் புரிந்தது. ரத்தம் ஆளை விட்டுப் பிரிந்து, கண்ணாடிக் குழாய்க்குள் ஆட்டோவில் வந்துகொண்டிருக்கும்போதும் அந்தச் செல்கள் தங்கள் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. அந்த மாதிரியைக் கணக்கில் சேர்க்க முடியாது, கொட்ட வேண்டியதாயிற்று. கொட்டக் கை வரவில்லை.

இனி இயற்கைவழி அவர்களுக்கு. 1984 ஆராய்ச்சி உண்மைதான். ஒலிவியேரியும் உல்ஃபும் மனித லிம்போசைட்டுகளை (ஒரு வகை வெள்ளையணு), கதிர் விடும் ட்ரிடியம் ஏற்றிய தைமிடின் என்ற டிஎன்ஏ மூலப்பொருளில் வளர்த்து, பிறகு 1.5 கிரே எக்ஸ்ரே கொடுத்தார்கள். முன்கூட்டிச் சின்ன டோஸ் பட்ட செல்களில் குரோமோசோம் சேதம் எதிர்பார்த்ததை விடக் குறைவு. ஆனால் அந்தத் தயார் நிலை சில நாளில் போய்விடும், எல்லோர் ரத்தத்திலும் அது வருவதும் இல்லை. தடுப்பூசி என்றால் பின்னால் ஒரு நோய் காத்திருக்க வேண்டும். இந்தத் தம்பியின் அம்மாவுக்கு 1.5 கிரே எங்கே காத்திருக்கிறது?

எதிர்ப்பக்கமும் கேளுங்கள். 2003-ல் ராத்காமும் லோப்ரிக்கும் மனித இணைப்புத் திசுச் செல்களுக்கு ஒரு மில்லிகிரே அளவே கொடுத்துப் பார்த்தார்கள். அதிக டோஸில் விறுவிறுவென மறையும் புள்ளிகள், அந்தச் சொற்ப டோஸில் நாள் கணக்கில் அப்படியே நின்றன. சேதம் மிகக் குறைவாக இருந்தால் செல் பழுது பார்க்கவே முனைவதில்லை போலும். பிறகு செல்களைப் பெருக விட்டபோது, முறிவைச் சுமந்தவை கழிந்துபோயின. ஆக, சரிசெய்வது மட்டுமே உடம்பின் வழி என்று எண்ண வேண்டாம். ஆயிரத்தில் ஒன்றைத் தைப்பதை விட எறிவதும் உடம்புக்கு ஒரு கணக்கு. 2023-ல் வந்த மூன்று நாட்டு அணுத் தொழிலாளர் ஆய்வில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பார்த்து, திடக் கட்டிப் புற்றுநோய் மரணம் ஒரு கிரேக்கு 52 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டார்கள். ஒரு கிரே மிகப் பெரிய டோஸ், உங்கள் 0.6 மில்லிக்கு அது மிகச் சிறியதாகிவிடும். ஆனாலும் நல்லது என்று சொல்ல இடமில்லை. மணலை மருந்தாக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நம்பி வருபவர்கள் ஏழைகள்.

அம்மா கணக்கு: மணிக்கு 0.7 மைக்ரோகிரே என்றால் வருஷத்துக்கு ஆறு மில்லிகிரே. ஒரு செல்லுக்கு ஒரு இரட்டை முறிவு விழச் சராசரியாக ஐந்து வருஷம். அதைத் தைக்கவோ, அந்தச் செல்லையே கழிக்கவோ இடையில் நிறைய நாள் இருக்கிறது. உங்கள் மெஷினில் வயிற்று சி.டி. எடுப்பவர் எட்டு பத்து மில்லியைச் சில நொடியில் வாங்குகிறார். அம்மாவின் ஒரு வருஷ மொத்தமும் அந்த ஒரு ஸ்கேனும் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலும், செல்லுக்குக் கிடைக்கும் அவகாசம் ஒன்றல்ல. என் மனதில் அவகாசம்தான் பெரிய விஷயம்.

பிரசவத்துக்கு அனுப்புங்கள். நான்கு மாதத்துக்கு இரண்டு மில்லி. குழந்தையின் உறுப்பு அமைப்பு கெடுவதற்கான டோஸ் என்று மருத்துவம் சொல்வது நூறு மில்லிக்கு மேல். கொல்லத்துக் கடற்கரை மணல் பகுதியில் 1995 முதல் 1.4 லட்சம் குழந்தைகளைப் பிறந்த கையோடு பார்த்தார்கள். பிறவிக் குறைபாட்டுக்கும் மணலின் கதிருக்கும் தொடர்பு தெரியவில்லை. தாய் வீட்டில் அவளுக்குக் கிடைக்கும் தூக்கத்தையும் சோற்றையும் இதற்காகப் பறிக்காதீர்கள்.

---

கடப்புறத்தான் எழுதியது:

அக்கா, இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை மனைவிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ரயில்வே கேட் விஷயத்தில் அவள் அழுதுவிட்டாள். ரொம்ப நன்றி. ஆர்.எஸ்.ஓ. சார், கடிதம் கொடுத்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எங்கள் ஊரில் புற்றுநோய் இல்லாத தெரு இல்லை என்றுதான் சொல்வார்கள். எங்கள் தெருவிலேயே நாலு பேர். நீங்கள் சொல்லும் கணக்கு அம்மாவுக்குப் பொருந்துமா, அல்லது தலைமுறை தலைமுறையாக அங்கே இருப்பவர்களின் செல்லே வேறு மாதிரி ஆகியிருக்குமா?

---

பச்சைப்புள்ளி எழுதியது:

நியாயமான கேள்வி, தம்பி. கேரளத்தில் கருநாகப்பள்ளி தாலுகாவில் இதையே பார்த்தார்கள். சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை வருஷம் தொடர்ந்தார்கள். அங்கே சில இடங்களில் வருஷத்துக்கு 70 மில்லிகிரே வரை போகும், உங்கள் திண்ணையைப் போலப் பத்து மடங்குக்கு மேல். 2005 முடிய 1,379 பேருக்குப் புற்றுநோய். அதிகக் கதிர் உள்ள வீட்டுக்காரர்களுக்கு அதிகம் என்று வரவில்லை. 2009-ல் வெளியானது. தொழிலாளர் ஆய்வோடு இது முழுக்க ஒத்துப்போகவில்லை, அந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

செல் வேறாகிவிட்டதா என்றால்: 2016-ல் அதே கேரளக் கடற்கரை மக்களின் ரத்தத்தில் காமா-எச்2ஏஎக்ஸ் பார்த்தபோது, அதிகக் கதிர் பகுதியில் இருப்பவர்களுக்கு முறிவு கூடுதலாக இல்லை. ஆனால் 2002-ல் ஃபார்ஸ்டர் குழு, தாய் வழி வரும் மைட்டோகாண்ட்ரியா (செல்லின் ஆற்றல் கூடம்) டிஎன்ஏயில், அந்தக் கேரள மணல் பகுதியில் உள்ள ஒரு தீபகற்பத்தின் குடும்பங்களுக்கு மாற்றங்கள் அதிகம் என்று காட்டியது. அந்த மாற்றங்களால் நோய் வந்ததாக அவர்கள் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். பேட்ஜ் வெளியில் இருந்து வரும் காமாவைத்தான் பார்க்கும். தோரியம் சிதையும்போது தோரான் என்ற வாயுவும் வரும். அதன் வழிவந்தவை மூச்சோடு உள்ளே போய் ஆல்ஃபா துகளை விடும். அந்தத் தடம் நெருக்கமானது, தைக்கக் கடினமானது. அதனால் வீட்டில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், மண் தரையாக இருந்தால் சிமெண்ட் போடுங்கள். கடல் காற்று உங்களுக்கு இலவசம்.

நான் ஒன்று கேட்கட்டுமா? அந்தத் தெருவில் நாலு பேருக்கும் எந்த இடத்தில் புற்றுநோய்? கருநாகப்பள்ளியில் வாய்ப் புற்றுக்கும் நுரையீரல் புற்றுக்கும் தெளிவாகப் பொறுப்பாக நின்றவை மெல்லும் புகையிலையும் பீடியும். அம்மா வெற்றிலை போடுவார்களா?

---

கடப்புறத்தான் எழுதியது:

இரண்டு பேருக்கு வாயில். ஒருத்தருக்குத் தொண்டை. ஒருத்தருக்கு எங்கே என்று வீட்டில் சொல்லவில்லை.

போடுவாங்க அக்கா. வெற்றிலையோடு பொயிலை, நாற்பது வருஷமாக, இடது கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் தூங்கவே செய்வாங்க. ஏப்ரன் போடுகிற எனக்கு ஒரு நாளும் அது கண்ணில் படவில்லை.

---

பழைய ஆர்.எஸ்.ஓ. எழுதியது:

டார்ச் எடுத்துக்கொண்டு போய் அந்த இடது கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள் தம்பி. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் அடுத்த நாளே பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

---

கடப்புறத்தான் எழுதியது:

சனிக்கிழமை ராத்திரி வண்டிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். பேட்ஜைக் கன்ட்ரோலோடு வைத்துவிட்டேன்.